பேரில்லாத துண்டு

"கடைசி ரெண்டு மாசத்துல ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டதும் அக்கா முதலில் தங்கையை, சின்னவளைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, வெடித்த உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு, "ஒண்ணுமே சாப்பிடல டாக்டர்" என்றாள்.

பொய். பச்சைப் பொய். ஆறு சிவப்பு காப்ஸ்யூல்களை முழுங்கியிருந்தாள். அதை எடுத்துக் கொடுத்த கை கட்டிலுக்குப் பக்கத்திலேயே, தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றது. சின்னவள் வாயைத் திறக்கப் போனாள். அக்கா போர்வைக்கடியில் அவள் மணிக்கட்டைப் பிடித்து நசுக்கினாள்.

"கேண்டீன்ல சாப்பிட்டதுதான் டாக்டர் ஒத்துக்கல. எங்க கேண்டீன் சாப்பாட்ட நீங்க பாக்கணும்! பாத்தாலே பாதிப் பேருக்கு வயிறு போயிடும்" என்று அக்கா சிரித்துக்கூடக் காட்டினாள். டாக்டர் சின்ன வயதுப் பெண். கொண்டையில் ஒரு பேனாவைச் செருகியிருந்தாள். உணவு நச்சு என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

"ஏன்க்கா பொய் சொன்ன?"

"உன் வேலை போயிடும்டி. போலீஸ் கேஸுன்னு வந்தா என்ன பண்ணுவ? பேசாம இரு."

"போலீஸெல்லாம் எதுக்கு வரப்போகுது?"

"நீ வாயத் திறந்த, செத்தாலும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன். சொல்லிட்டேன்." அவ்வளவு பேசியதற்கே அக்காவுக்கு மூச்சு வாங்கியது. கண்ணை மூடிக்கொண்டாள்.

சின்னவள் மருந்துக் கடைக் கவுண்டரில் பதினாலு வருஷமாக நிற்பவள். படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. சுவரில் மாட்டியிருக்கிற சான்றிதழ் முதலாளியுடையது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, எந்த டாக்டரின் கிறுக்கலையும் எழுத்துக் கூட்டாமல் படிப்பாள். மாத்திரையின் நிறத்தையும் அட்டையின் பளபளப்பையும் வைத்தே பேரைச் சொல்லிவிடுவாள். அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் கிண்டல். அவர்தான் இவளுக்கு 'அரை டாக்டர்' என்று பேர் வைத்தார். "முழு டாக்டருக்கு டோக்கன் போட்டு உக்காரணும். எங்க அரை டாக்டர் வீட்டுக்கே வந்து பாப்பா!" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லுவார். இவளுக்கும் அதில் பெருமை இல்லாமல் இல்லை. இருந்தது. நிறையவே இருந்தது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். முழு அட்டை வேண்டாம், நாலு போதும் என்பவர்களுக்கு அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். பேரும் தேதியும் அச்சடித்த முனை கடையிலேயே இருக்கவேண்டும். பேரில்லாத முனையிலிருந்துதான் வெட்டவேண்டும். அப்போதுதான் மிச்சம் இருப்பது என்ன மருந்து, எப்போது காலாவதி என்று கடைக்குத் தெரியும். வாங்கிப் போனவனுக்குத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. அப்படி வெட்டிப்போன பேரில்லாத துண்டு சில சமயம் திரும்பி வரும். "வேண்டாம்மா, டாக்டர் மாத்திட்டாரு" என்று நீட்டுவார்கள். திரும்ப விற்க முடியாது. குப்பையில் போடு என்பார் முதலாளி. சின்னவளுக்கு மனசு வராது. நல்ல மாத்திரையை யாராவது குப்பையில் போடுவார்களா? வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். டப்பா நிறைய, வண்ண வண்ணமாக, பேரில்லாத துண்டுகள். தெருவில் யாருக்குத் தலைவலி, சளி, கால்வீக்கம் என்றாலும் அந்த டப்பா திறக்கும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அக்காவுக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. அக்கா சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறவள். ஒரு ஷிஃப்டுக்கு இருநூறு காலர் முடித்தாக வேண்டும், பல் டாக்டரிடம் போக எங்கே நேரம்? "உன் டப்பாவுல ஏதாவது இருக்கா பாருடி" என்று கையை நீட்டினாள். சின்னவள் கிளறிப் பார்த்து, சிவப்பு காப்ஸ்யூல் நாலை வெட்டிக் கொடுத்தாள். அக்கா என்ன மாத்திரை என்று கேட்கவில்லை. தண்ணீர்கூட இல்லாமல் ஒன்றை முழுங்கிவிட்டு, "நீ குடுத்தா எனக்கு ஒண்ணும் ஆகாதுடி" என்றாள். நாலு முடிந்தும் கொஞ்சம் வலி இருந்தது. இன்னும் இரண்டு கொடுத்தாள். வீக்கம் வடிந்தது. அரை டாக்டருக்கு அன்றைக்கு வீட்டில் ஏகப்பட்ட மரியாதை.

பத்து நாள் கழித்து வயிறு போக ஆரம்பித்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை. வெறும் தண்ணீர், அதில் ஒரு கெட்ட நாற்றம். தையல் மிஷினை விட்டு எழுந்து எழுந்து ஓடியதில் சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். மறுபடியும் கை நீண்டது. சின்னவள் மறுபடியும் டப்பாவைத் திறந்தாள். போக்கை நிறுத்துகிற சின்ன மாத்திரை, அது அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று நாள் கொடுத்தாள். டக்கென்று நின்றுவிட்டது. எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் நின்ற மறுநாளே வயிறு உப்ப ஆரம்பித்தது. காய்ச்சல் வந்தது. இன்று விடிந்தபோது அக்காவால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

இப்போது மணி பன்னிரண்டே கால். நர்ஸ் மேஜைக்கு மேலே பெரிய கடிகாரம் ஒன்று மாட்டியிருந்தது. வேண்டாம் என்றாலும் கண் அங்கேதான் போனது. காலை எட்டு மணிக்கு டிரிப்ஸோடு ஓர் ஆன்டிபயாடிக் ஊசியும் ஏற்றியிருந்தார்கள். அடுத்தது இரண்டு மணிக்கு என்று அட்டவணையில் எழுதியிருந்தது. அதைப் படித்ததிலிருந்து சின்னவளுக்குக் கை கால் ஓடவில்லை. ஏன் பயப்படுகிறோம் என்று அவளுக்கே சரியாக விளங்கவில்லை. ஆனால் பயம் பொய் சொல்லவில்லை. அக்காவின் வயிற்றில் மெல்லக் கை வைத்துப் பார்த்தாள். விறைத்து, சூடாக, யாருடைய வயிறோ மாதிரி இருந்தது.

அவளுடைய கைப்பையின் உள்ளறையில் அந்தச் சிவப்பு அட்டையின் கடைசித் துண்டு இருந்தது. ஒரே ஒரு காப்ஸ்யூல். வரும் வழியில் சாக்கடையில் எறியத்தான் எடுத்து வந்தாள். அக்காவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்ததில் எறிய ஒரு கை மிச்சமில்லை. இல்லையென்றால் எறிந்திருப்பாள், அவளைப் பற்றி நாம் நல்லதாக நினைக்கவேண்டாம்.

ஒன்றேகாலுக்கு அத்தான் வந்தார், யூனிஃபார்மில் கிரீஸ் கறையோடு. "என்ன அரை டாக்டர், உன் பேஷண்ட் எப்படி இருக்கா?" என்றார். வழக்கமான கிண்டல்தான், ஆனால் குரல் உடைந்திருந்தது. பெரிய சர்ஜன் அவரை வராந்தாவில் நிறுத்தி ஏற்கெனவே பேசிவிட்டார். "வயித்துல ஏதோ அடைப்பு மாதிரி இருக்காம். மூணு மணிக்குத் திறந்து பாக்கலாம்ங்குறாரு. கையெழுத்து போடச் சொல்றாரு." அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எத்தன அடைப்ப எடுத்திருக்கேன், லிஃப்ட்ல. இதுக்கு என்ன பண்றதுன்னு தெரியலியேம்மா எனக்கு."

அக்கா கண்ணைத் திறக்காமலேயே சின்னவளின் கையைத் தேடிப் பிடித்தாள். பிடியில் வலு இல்லை. அதுதான் சின்னவளை அடித்து எழுப்பியது. வேலை போகட்டும், மானம் போகட்டும், அக்கா ஆயுசுக்கும் பேசாமல் போகட்டும். பேசாமல் இருக்கவாவது அவள் உயிரோடு இருக்கவேண்டும் அல்லவா! கையை உருவிக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் தன் சின்ன அறையில் நின்றபடியே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். சின்னவள் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். டப்பா, சிவப்பு காப்ஸ்யூல், ஆறு, பத்து நாள், நிறுத்துகிற மாத்திரை மூன்று நாள். டாக்டர் வாயில் இருந்த பிஸ்கட்டை மெல்வதை நிறுத்திவிட்டாள்.

"போக்க நிறுத்துற மாத்திரை, மூணு நாளா?"

"ஆமா டாக்டர்."

"அந்தச் சிவப்பு, அது பேரென்ன?"

சின்னவள் பேரைச் சொன்னாள், ஈறு வீக்கத்துக்குச் சாதாரணமாகக் கொடுக்கிற மருந்து. துண்டையும் எடுத்து நீட்டினாள். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்னால் சிவப்பு, பின்னால் வெள்ளிக் காகிதம், ஓர் எழுத்து இல்லை.

"நிச்சயமா இதுதானா? சிவப்புல சத்து மாத்திரையும் வருது. ஆன்டிபயாடிக்லயே பல தினுசு வருது."

பதினாலு வருஷத்தில் முதல்முறையாகச் சின்னவளுக்குப் பதில் தெரியவில்லை. "தெரியல டாக்டர்" என்றாள்.

"கேளுங்க. நான் மலத்த டெஸ்டுக்கு அனுப்புறேன், ரிசல்ட் வர சாயங்காலம் ஆகும். சர்ஜன் அதுவரைக்கும் சும்மா இருக்க மாட்டாரு. வெறும் 'சிவப்பா ஏதோ'ன்னு போய் நான் நின்னா என்னைத்தான் திட்டுவாரு. பேரோட வாங்க. ரெண்டேகால் வரைக்கும் அந்த ஊசிய நிறுத்தி வைக்கிறேன்."

கடை நாலு தெரு தள்ளி. சின்னவள் ஓடினாள். நாற்பத்திரண்டு வயசு, கட்டைச் செருப்பு, வழியெல்லாம் தோண்டிப் போட்ட பள்ளம். யாரையோ இடித்தாள், யாரோ "கண்ணு தெரியலையா?" என்று கத்தினார்கள். கவுண்டருக்குள் புகுந்து, வெட்டின முனைகளைப் போட்டு வைக்கிற இழுப்பறையை அப்படியே தரையில் கவிழ்த்தாள்.

அந்தக் கடைக் கத்தரிக்கோலின் ஓர் அலகில் சின்னதாக ஓர் உடைசல் உண்டு. எந்த அட்டையை வெட்டினாலும் ஓரத்தில் ஒரு பல் மாதிரிப் பிசிறு விழும். புதுசு வாங்குங்கள் என்று முதலாளியிடம் எத்தனையோ தடவை நச்சரித்திருக்கிறாள். இன்றைக்கு அந்த உடைசல்தான் அவளுக்குக் கடவுள். சிவப்பு முனைகளாகப் பொறுக்கி, தன் துண்டோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஒன்று பொருந்தவில்லை. இன்னொன்றில் பல் எதிர்ப்பக்கம். நாலாவது, ஐந்தாவது. ஏழாவது முனை கச்சிதமாக உட்கார்ந்தது. பல்லுக்குப் பல், கோட்டுக்குக் கோடு. முனையில் பேர் இருந்தது. கிளிண்டாமைசின்.

அவள் நினைத்த மருந்து இல்லை. அதைவிடக் கடுமையானது. அந்தப் பேரைப் படித்த அதே நொடியில் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு வயசானவர், குடையை ஊன்றிக்கொண்டு இதே கவுண்டருக்கு முன்னால் நின்றவர். "இந்தாம்மா, இது எனக்கு ஆகல. வயிறு பிச்சுக்கிட்டுப் போகுது. டாக்டர் உடனே நிறுத்தச் சொல்லிட்டாரு" என்று மிச்சத்தை நீட்டினார். சின்னவள் "அப்படியா தாத்தா" என்று சொல்லி வாங்கினாள். வாங்கி, டப்பாவுக்கு எடுத்து வைத்தாள். காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

"என்ன பண்ணிட்டிருக்க?" முதலாளி மேலே நின்றார். அவள் சொன்னாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. "குப்பையில போடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இத எடுத்துட்டுப் போயிக் காட்டுவியா? லைசென்ஸ் போயிடும். அதை இப்படி வச்சுட்டுப் போ" என்று அவள் கையைப் பிடித்தார்.

"கைய எடுங்க."

"நான் சொல்றதக் கொஞ்சம் கேளு..."

"எங்க அக்கா வயித்தக் கிழிக்கப் போறாங்க. கைய எடுங்க!" அவள் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற வாடிக்கையாளர் இரண்டடி பின்னால் போனார். முதலாளி கையை எடுத்தார்.

வார்டுக்குள் நுழையும்போது இரண்டு பத்து. அக்காவின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. சின்னவளுக்கு உயிரே போய்விட்டது. திரையை விலக்கினால், நர்ஸ் போர்வையைத்தான் மாற்றிக்கொண்டிருந்தாள். ஊசி மருந்து தட்டில் அப்படியே இருந்தது.

டாக்டர் அறையில், மேஜைமேல், இரண்டு துண்டையும் அவள் பொருத்திக் காட்டினாள். அத்தானும் பின்னாலேயே வந்து நின்றார். டாக்டர் பேரைப் படித்துவிட்டு, ஊசியை நிறுத்தச் சொல்லி நர்ஸுக்குக் குரல் கொடுத்தாள். சர்ஜனுக்குப் போன் போட்டாள். பிறகுதான் இவர்களைப் பார்த்தாள்.

"நம்ம குடல்ல கோடிக்கணக்குல கிருமி குடியிருக்கு. நல்ல கிருமி. அதுபாட்டுக்கு அது வேலையப் பாத்துக்கிட்டு நம்மளயும் காப்பாத்திட்டு இருக்கும். இந்த மாத்திரை பல்லுக்குன்னு குடுத்தா பல்லோட நிக்காது. ரத்தத்துல போய் உடம்பு பூரா சுத்தும், குடலுக்கும் போகும். நல்லவன் கெட்டவன்னு பாக்காம தெருவையே காலி பண்ணிடும். அதுல ஒருத்தன் மட்டும் சாக மாட்டான். ஓடு போட்டுச் சுருண்டு படுத்துக்குவான். தெரு காலியானதும் எழுந்து, பெருகி, விஷத்தக் கக்குவான். அந்த விஷம் வெளியேறத்தான் வயிறு போச்சு. நீங்க அதையும் நிறுத்திட்டீங்க."

"அப்போ... உள்ளயே?"

"உள்ளயேதான். அதனாலதான் இந்த வீக்கம். நான் சந்தேகப்படுறது சரின்னா இதுக்கு வேற மருந்து இருக்கு, வாய் வழியாக் குடுக்கணும். இப்பவே ஆரம்பிக்கிறேன். பொழைச்சுக்குவாங்களான்னு இன்னைக்கு என்னைக் கேக்காதீங்க."

சின்னவள் அத்தான் முகத்தைப் பார்க்கப் பயந்து மேஜையைப் பார்த்தாள். கிரீஸ் படிந்த ஒரு கை அந்த மேஜைக்கு வந்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்த மாத்திரைத் துண்டு ஒன்றை, மஞ்சள் நிறம், பேரில்லாதது, சிவப்புத் துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தது. போன வாரம் தொண்டை கட்டியதற்கு அவள் கொடுத்தது. மூன்று கொடுத்திருந்தாள், ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அத்தான் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் டெஸ்ட் ரிசல்ட் வந்தது, டாக்டர் சந்தேகப்பட்டதுதான். சர்ஜன் கத்தியைத் தள்ளி வைத்தார், ஆனால் தூர வைக்கவில்லை. தினம் காலையும் மாலையும் வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். மூன்று நாள் அக்கா யாரையும் அடையாளம் சொல்லவில்லை. சின்னவள் வராந்தா பெஞ்சிலேயே கிடந்தாள். உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தாலும் திடுக்கிட்டு எழுந்தாள். தெருவில் யார் யாருக்கு என்னென்ன கொடுத்தோம் என்று கணக்குப் போடப் பார்த்தாள். முடியவில்லை. அத்தனை பேர். அத்தனை வயிறு. நாலாம் நாள் அக்காவின் வயிறு கொஞ்சம் இளகியது. ஐந்தாம் நாள், "தண்ணி குடுடி" என்றாள். அந்த 'டி'யைக் கேட்டதும் சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினாள். இது திரும்பி வரக்கூடிய நோய். காலியான குடலில் பழையபடி குடித்தனம் வர மாசக்கணக்கு ஆகலாம். இனி எந்த டாக்டரிடம் போனாலும் இதை முதலில் சொல்லவேண்டும். கண்டதை வாயில் போடக்கூடாது. அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினாள்.

முதலாளி சின்னவளை வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நிற்கிறாள். பிஸ்கட் டப்பாவில் இருந்த எல்லாவற்றையும் ஆஸ்பத்திரியிலேயே கொண்டுபோய் ஒப்படைத்தாள், டப்பாவையும் சேர்த்து. அத்தான் ஒரு மாசம் அவளோடு பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்தார், ஆனால் 'அரை டாக்டர்' என்று மட்டும் ஒரு நாளும் வாய் தவறிக்கூடக் கூப்பிடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள் சின்னவள். அத்தான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா பின்னால் வந்து நின்றாள். உடம்பு இன்னும் பாதிதான் தேறியிருந்தது. ரவிக்கை தோளில் தொளதொளத்தது. கன்னத்தை ஒரு கையால் பொத்தியிருந்தாள்.

"என்னக்கா?"

"ஷ்! மெதுவா. அவரு எழுந்துடுவாரு." அக்கா அறையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "அந்தப் பல்லு மறுபடியும் வலிக்குதுடி. உங்கிட்ட ஏதாவது ஒண்ணு ரெண்டு இருக்கா?"

சின்னவளின் கையிலிருந்து தட்டு நழுவித் தொட்டியில் விழுந்தது. "உனக்கென்ன பைத்தியமாக்கா? சாகக் கிடந்தியே! நான் குடுத்து, நான் குடுத்துத்தானே..." என்றாள். நாளைக்கு டாக்டரிடம் இழுத்துக்கொண்டாவது போகலாம். ஆனால் இந்தக் கை நீள்வதை யாரால் நிறுத்த முடியும்?

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. ஈரம் சொட்டுகிற தங்கையின் கைக்கு முன்னால், ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன தன் உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"அது ஏதோ என் கெட்ட நேரம்டி. நீ குடுத்தா எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள்.